அரைப்பேர் போடும் பட்டங்கள்

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களிலும் விஞ்ஞான பீடங்களிலும் முதலாம் ஆண்டை ஒட்டி நிகழும் ஒரு தெரிவு பற்றி, கற்பிப்போரிடமும் கற்போரிடமும் பெற்றோரிடமும் ஏறத்தாழ ஒரே கருத்து நிலவிவருகின்றது. சிறப்புக் கற்கைநெறி கெட்டிக்காரருக்கு உரியது, அதற்குத் தெரிவாகாதோர் திறமை குறைந்தோர், தெரிவுக்கு அடிப்படையாகும் புள்ளிகள் எவருக்கும் பாரபட்சம் காட்டாதவை என்பது அக்கருத்தின் ஒரு பாதி. அதன் மறுபாதி மஸ்கெலியா, நோர்வுட், பொகவந்தலாவை, ஹட்டன் முதலிய தோட்டப்புறங்களில் வழங்குகின்றது: தோட்டத்துப் பிள்ளைக்குப் பொதுப் பட்டமே போதும், மூன்றாண்டில் படித்து முடித்து ஓர் ஆசிரியர் நியமனம் எடுத்துவிட்டால் குடும்பம் தலைநிமிர்ந்துவிடும், நான்காவது ஆண்டு என்பது வசதி உள்ளவர்களுக்கு என்பது அது. முதற்பாதி விரிவுரை மண்டபத்திலும் இரண்டாம் பாதி லயத்து வாசலிலும் பேசப்படினும், இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்று கதவைச் சாத்துகின்றது, மற்றது அந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமலே திரும்பச் சொல்கின்றது. இவ்விரு பாதிகளும் பிழையானவை என்பதும், மலையகத் தமிழ்ச் சமூகம் அவற்றுக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது என்பதும் இங்கு நிறுவப்படும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். பொதுப் பட்டம் என்பது வழமையாக மூன்று பாடங்களை மூன்று ஆண்டுகள் கற்றுப் பெறுவது. சிறப்புப் பட்டம் என்பது ஒரு துறையை மையமாகக்கொண்டு நான்கு ஆண்டுகள் கற்று, இறுதியில் ஓர் ஆய்வேடும் எழுதிப் பெறுவது. 2012இல் வெளியிடப்பட்டு 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகம் முன்னதை ஐந்தாம் மட்டத்திலும் பின்னதை ஆறாம் மட்டத்திலும் வைத்து, முன்னதற்கு 90 திறமைப் புள்ளிகளையும் பின்னதற்கு 120 திறமைப் புள்ளிகளையும் விதிக்கின்றது. திறமைப் புள்ளி என்பது, விரிவுரை, வாசிப்பு, பயிற்சி, பரீட்சைத் தயாரிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்த கற்றல் நேரத்தின் அலகு. ஒரு புள்ளி 50 மணித்தியாலங்களுக்குச் சமமாகக் கொள்ளப்படுகின்றது. ஆகவே இரு பட்டங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கணக்கின்படி 1,500 மணித்தியாலக் கற்றலாகும். இதுவரை சிறப்புப் பட்டம் என்று வழங்கியதை இப்போது கௌரவப் பட்டம் என்று எழுதும் வழக்கமும் வந்துவிட்டது.

நிலவும் கருத்தின் குழப்பம் இந்தப் பெயரிலேயே தொடங்குகின்றது. சிறப்பு என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பொதுவானதற்கு எதிரான தனித்த தன்மை ஒன்று, மற்றவற்றினும் உயர்ந்த நிலை மற்றொன்று. இலக்கணத்தில் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்று பிரிக்கும்போது சிறப்புப்பெயர் உயர்ந்தது என்று எவரும் கருதுவதில்லை. பட்டத்தில் மட்டும் முதற்பொருள் மறைந்து இரண்டாம் பொருள் மேலெழுந்துவிட்டது. ஒரு துறையில் ஆழ்ந்து கற்கும் வழி என்பது உயர்ந்தோருக்கு அளிக்கப்படும் பரிசு என்று மாறிவிட்டது. கௌரவம் என்னும் புதுச் சொல்லோ அந்தப் பொருள்மாற்றத்துக்கு முத்திரை குத்திவிட்டது. கற்பிக்கும் முறையொன்று பரிசாகக் கருதப்பட்டதும், அதை எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்னும் கேள்வி எழாமல், எத்தனை பேருக்கு மறுக்கலாம் என்னும் கேள்வியே நிர்வாகத்தின் முன் நிற்கின்றது.

இம்முறையின் வரலாறு அத்தகைய புனிதம் எதையும் அதற்கு வழங்குவதில்லை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 1800ஆம் ஆண்டின் பரீட்சை விதிகளால், சாதாரணமாகத் தேறுவோரையும் கௌரவத்துடன் தேறுவோரையும் வேறுபடுத்தத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் கணிதப் பரீட்சையின் பெறுபேறுகளை முதலாமவரிலிருந்து கடைசியானவர் வரை வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவி, 1909உடன் கைவிடப்பட்டது. அம்மரபு இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்ப்படுத்திய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வழியாக இலங்கைக்கு வந்தது. 1921இல் தொடங்கிய அக்கல்லூரி 1942இல் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக இருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தினுள் அடங்கியது. சில நூறு மாணவரே பயின்ற, அவர்களிற் பெரும்பாலோர் ஆங்கிலப் பாடசாலைகளிலிருந்து வந்த ஒரு காலத்துக்கு ஏற்ற ஏற்பாடு அது. அது பிறந்த இங்கிலாந்திலேயே இன்று கௌரவப் பட்டம் வழமையான பட்டமாகிவிட்டது. அங்கு பட்டப்படிப்பை முடிப்போரில் மிகப் பெரும்பாலோர் அதனையே பெறுகின்றனர். தாய்வீட்டில் கழற்றி வைக்கப்பட்ட வேலி, இங்கு மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது.

இங்கும் அது எல்லாப் பீடங்களிலும் இல்லை என்பதே கவனிக்கத்தக்கது. பொறியியல் பீடத்துக்குள் நுழையும் மாணவர் அனைவருமே நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கே பதிவாகின்றனர். முதலாம் ஆண்டில் அவர்களிடையே நிகழும் போட்டி எந்தப் பொறியியற் பிரிவு என்பதற்கானது, சிறப்பா பொதுவா என்பதற்கானதன்று. விவசாயம், முகாமைத்துவம், சட்டம் முதலிய துறைகளிலும் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் என்பது அனைவருக்குமான வழியாகவே பெரிதும் அமைந்துள்ளது. அங்கெல்லாம் தரம் கெட்டுவிட்டதாக எவரும் குற்றஞ்சாட்டுவதில்லை. சல்லடை போட்டுச் சலிக்கும் வழக்கம் கலை, விஞ்ஞானம் ஆகிய பீடங்களிலேயே நிலைத்துள்ளது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மலையகத் தமிழ் மாணவர் பெருமளவில் சென்று சேர்வதோ கலைப் பீடங்களுக்கே. ஏனெனில் தோட்டப்புறங்களில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் மிகச் சிலவே. வேலி இருக்கும் வயலில்தான் இந்த மந்தையும் மேய வேண்டியிருக்கின்றது என்பது தற்செயல் என்று கொள்ளப்பட்டாலும், அதன் விளைவு தற்செயலானதன்று.

இனி, தெரிவுக்கு அடிப்படையான புள்ளிகள் திறமையை அளக்கின்றன என்னும் வாதத்தை நோக்கலாம். தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு இந்த வாதத்தின் குறையை நீண்டு விளக்க வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் தராசு மாட்டப்படுகின்றது. கூடையின் பாரத்தையும் ஈரக்கொழுந்தின் தண்ணீரையும் காரணங்காட்டிச் சில கிலோக்கள் கழிக்கப்படுகின்றன. எஞ்சியது நாளுக்கு நிர்ணயிக்கப்பட்ட அளவைத் தொட்டால் முழுப்பேர், தொடாவிட்டால் அரைப்பேர். பேர் என்பது தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலைக்கான பதிவு; அரைப்பேர் விழுந்தால் அன்றைய சம்பளத்திற் பாதி போய்விடும். அந்த நிர்ணய அளவு பல தோட்டங்களில் 16 முதல் 20 கிலோ வரை உள்ளது. தராசு பொய் சொல்வதில்லை என்று கணக்கப்பிள்ளை சொல்லலாம். ஆனால் எந்த மலையில் நிரை பிடிக்க விட்டார்கள் என்பதைத் தராசு சொல்வதில்லை என்பது பறித்தவளுக்குத் தெரியும். மலை என்று அங்கு வழங்குவது தேயிலை நட்ட ஒரு பகுதியை. பச்சை தள்ளி நிற்கும் மலையில் நின்றவள் நண்பகலுக்குள் நிறைத்த கூடையை, காடு மண்டிய பழைய மலையில் நின்றவள் மாலை வரை கைவலிக்கப் பறித்தும் நிறைக்க முடியாது. தராசு காட்டும் எடை கையும் மலையும் சேர்ந்து உண்டாக்கியது. அதைக் கையின் எடையாக மட்டும் எழுதிக்கொள்வதே அரைப்பேரின் அநியாயம்.

முதலாம் ஆண்டின் புள்ளியும் இத்தகையதே. இலங்கையின் அரச பாடசாலைகள் நான்கு வகைப்படும்: உயர்தர விஞ்ஞானப் பிரிவு உட்பட எல்லாப் பிரிவுகளும் உள்ள 1ஏபி, கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ள 1சி, பதினோராம் தரத்துடன் முடியும் இரண்டாம் வகை, ஆரம்ப வகுப்புகள் மட்டும் உள்ள மூன்றாம் வகை. தோட்டங்களுக்குள் இருக்கும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை பின்னிரு வகையைச் சேர்ந்தவை. மஸ்கெலியாவைச் சுற்றியுள்ள தோட்டமொன்றில் முதலாம் தரம் படிக்கத் தொடங்கிய பிள்ளை, உயர்தரம் படிக்க நகரத்துப் பாடசாலையொன்றுக்கு மாற வேண்டும். அதற்கு மேற்பட்ட தயாரிப்புக்கு ஹட்டனிலுள்ள தனியார் வகுப்புகளை நாட வேண்டும். அங்கு போய்வரப் பேருந்துக் கட்டணமும் பகலிற் பாதியும் செலவாகும். நூலகமும் ஆங்கில ஆசிரியரும் தொடர்ச்சியாகக் கிடைத்த நகரத்துப் பாடசாலையிலிருந்து வரும் மாணவரும் இப்பிள்ளையும் விரிவுரை மண்டபத்தில் ஒரே வாங்கில் அமரும்போது, அவர்களுக்கு இடையே பதின்மூன்று ஆண்டுப் பாடசாலை வாழ்க்கையின் வேறுபாடு அமர்ந்திருக்கின்றது. முதலாம் ஆண்டின் ஒன்றிரண்டு அரையாண்டுப் பருவங்கள் அதை அழித்துவிடும் என்று நம்புவதற்கு எந்தக் கல்வியியல் நியாயமும் இல்லை. அப்பருவங்களின் புள்ளிகள், மாணவர் எவ்வளவு தூரம் செல்லக்கூடியவர் என்பதைக் காட்டிலும் எங்கிருந்து புறப்பட்டவர் என்பதையே துல்லியமாகக் காட்டுகின்றன.

அந்தப் புறப்பட்ட இடம் இயற்கையாக அமைந்ததன்று. சட்டங்களாலும் சட்டங்களின் மௌனத்தாலும் உண்டாக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் கடமை தோட்ட நிர்வாகங்களிடம் விடப்பட்டது. பிள்ளையின் உழைப்பினால் இலாபம் பெறுபவரே பிள்ளையின் படிப்புக்கும் பொறுப்பானவர் என்னும் அந்த ஏற்பாட்டின் பயன், பல வகுப்புகள் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் குந்தியிருந்த ஓராசிரியர் பாடசாலையாகவே பெரும்பாலும் முடிந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயருடன் இணைந்த 1940களின் இலவசக் கல்விச் சீர்திருத்தம் நாட்டின் ஏனைய பகுதிகளை மாற்றியமைத்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் விளிம்பிலேயே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இச்சமூகத்தின் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவரின் பாடசாலைக்குக் கூரை போட எந்த அரசியல்வாதிக்கும் அவசரமிருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியதே 1970களில். அதுவரை நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். இன்று பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் தோட்டத்து மாணவரின் பாட்டன், பாட்டி பலர் நாடற்றவராக இருந்தவர்கள். அந்தக் குடும்பத்தின் முதற் பட்டதாரியிடம், நான்கு தலைமுறை ஆங்கிலம் பேசிய குடும்பத்துப் பிள்ளையின் வேகத்தைப் பன்னிரண்டு மாதங்களில் எட்டிப்பிடி என்று சொல்வதைத் திறமைத் தேர்வு என்று அழைப்பது மொழியைத் துஷ்பிரயோகம் செய்வதாகும்.

அரசும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் இந்த உண்மையை அறியாதவை அல்ல. மருத்துவம், பொறியியல் முதலிய கற்கைநெறிகளுக்கு மாணவரை அனுமதிக்கும்போது 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன. அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் நுவரெலியாவும் உண்டு. ஒரே பரீட்சையில் பெற்ற ஒரே புள்ளி, எல்லா மாவட்டத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை நாடு இவ்வாறு வாசலிலே ஒப்புக்கொள்கின்றது. அதே நாட்டின் பல்கலைக்கழகத் துறையொன்று, வாசலைத் தாண்டி ஓராண்டு கழியுமுன் அந்த ஒப்புதலை மறந்து, எல்லாப் புள்ளிகளும் எல்லாருக்கும் ஒரே பொருளுடையவை என்று நடந்துகொள்வதற்கு என்ன விளக்கம் இருக்கின்றது என்பதைத் திறமைவாதிகள் சொல்ல வேண்டும்.

மொழியும் இதனோடு சேர்ந்துகொள்கின்றது. சில பீடங்களில் சில துறைகளின் சிறப்புக் கற்கைநெறி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. தமிழில் நடைபெறும் இடங்களிலும் ஆய்வேட்டுக்கு வேண்டிய நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆங்கிலம் வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. ஆய்வு செய்ய விரும்புவோர் அதைக் கற்றேயாக வேண்டும். ஆனால் கற்பிக்க வேண்டியதைக் கற்பிப்பதற்கு முன்பே தெரிவின் நிபந்தனையாக்குவது, நீச்சல் தெரிந்தவரை மட்டுமே நீச்சல் வகுப்பிற் சேர்ப்பது போன்றது. முதலாம் ஆண்டில் வரும் ஆங்கிலப் பாடம் ஒரு பாலமாக இருக்க வேண்டும். அது பல மாணவருக்குச் சோதனைச் சாவடியாக அனுபவமாகின்றது.

இவ்விடத்தில் ஒரு நேர்மையான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். புள்ளிகளில் குறை இருப்பினும் சிறப்பு வகுப்புக்கு ஓர் அளவு வேண்டாமா, ஆய்வேட்டை வழிநடத்த விரிவுரையாளர் போதுமா, எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் தரம் என்னாவது என்று கேட்போர் உண்டு. விரிவுரையாளர் பற்றாக்குறை உண்மையானது. ஒருவர் இருபது ஆய்வேடுகளைக் கவனிக்க முடியாது என்பதும் உண்மையானது. எனினும் பற்றாக்குறை என்பது எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதற்கு விடை சொல்லுமேயன்றி, யாரைச் சேர்ப்பது என்பதற்கு விடை சொல்லாது. இடங்கள் பதினைந்துதான் என்றால், அப்பதினைந்தும் முதலாம் ஆண்டுப் புள்ளிகளின் வரிசைப்படியே நிரப்பப்பட வேண்டும் என்பது எங்கிருந்து வருகின்றது? இரண்டாம் ஆண்டு முடியும்வரை தெரிவைத் தள்ளிவைக்கலாம். முதற் பருவத்திலிருந்து நான்காம் பருவம்வரை ஒரு மாணவர் எவ்வளவு வளர்ந்தார் என்பதைக் கணக்கிலெடுக்கலாம். ஒரு சிறு ஆய்வுக் கட்டுரையை எழுதச் செய்து அதன் தரத்தைப் பார்க்கலாம். கவ்வாத்து வெட்டிய மலையில் அடுத்த வாரமே கொழுந்து தேடும் தோட்டக்காரர் எவரும் இல்லை. வெட்டுப்பட்ட செடிக்குத் துளிர்விடக் காலம் வேண்டும் என்பதும், துளிர்க்கும்போது அது பழைய செடியைவிடச் செழித்துத் தரும் என்பதும் அத்தொழிலின் அரிச்சுவடி. பாடசாலையிலிருந்து பெயர்த்து நடப்பட்ட மாணவருக்கும் அந்த அவகாசம் உரியதே.

இந்தியாவின் அண்மைக்கால அனுபவமும் இங்கு நினைவுகூரத் தக்கது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசெம்பரில் வெளியிட்ட சட்டகம், நான்காண்டு கௌரவப் பட்டத்தைப் பொதுவாகத் திறந்துவிட்டாலும், ஆய்வுடன் கூடிய கௌரவப் பட்டத்துக்கு முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதப் புள்ளிகளை நிபந்தனையாக்கியது. வரம்பு மேலே தள்ளிவைக்கப்பட்டது என்ற அளவில் அது இலங்கை முறையைவிட நல்லது. ஆய்வு என்பது உயர்ந்த புள்ளிக்கு வழங்கப்படும் வெகுமதி என்னும் அடிப்படைப் பிழையை அது விடவில்லை என்ற அளவில் அதுவும் அதே நோயின் இன்னொரு வடிவமே.

அது ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்ளச் சிறப்பு வகுப்பினுள் உண்மையில் என்ன நடைபெறுகின்றது என்பதைப் பார்க்க வேண்டும். இருநூறு பேர் அமர்ந்து குறிப்பெடுக்கும் விரிவுரையில், மாணவர் பிறர் கண்டுபிடித்ததைக் கற்கின்றனர். பத்துப் பேர் சுற்றி அமர்ந்து விவாதிக்கும் சிறப்பு வகுப்பில், கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதைக் கற்கின்றனர். மஸ்கெலியாவையே எடுத்துக்கொள்ளலாம். மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் கட்டி முடிக்கப்பட்ட மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தினுள் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. இன்றுள்ள நகரம் மேட்டு நிலத்தில் புதிதாக எழுந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளித்தெரிவதும், அவற்றைக் காண மக்கள் சேற்றில் இறங்கிச் செல்வதும் அவ்வூரார் யாவரும் அறிந்தவை. பொதுப் பட்ட மாணவருக்கு இது நீர்மின் உற்பத்தி பற்றிய பாடத்தில் ஒரு வரியாக வந்துபோகும். அதே மாணவர் வரலாறோ புவியியலோ சமூகவியலோ சிறப்பாகக் கற்றால், அந்த ஒரு வரி நூறு கேள்விகளாகப் பிரியும்: கடைவீதியில் காணி உறுதி வைத்திருந்தவருக்கும், உறுதியே இல்லாத தோட்டத் தொழிலாளருக்கும் நட்டஈடு ஒரே விதமாகவா கணக்கிடப்பட்டது, நாடற்றவர் என்று பதிவாகியிருந்த ஒருவருக்கு மூழ்கிய நிலத்தின்மீது என்ன உரிமை இருந்தது, பழைய நில அளவைப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எந்த லயங்கள் நீருக்குள் போயின, எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி சொல்வதும் அரச கோப்பு சொல்வதும் முரண்பட்டால் எதை, எந்த அளவுக்கு நம்புவது. கடைசிக் கேள்விக்கு விடை காணும் பயிற்சியே சிறப்புக் கல்வியின் உள்ளீடு.

இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு யார் தகுதியானவர்? முதலாம் ஆண்டில் மனப்பாடத் திறனுக்குக் கூடுதல் புள்ளி பெற்றவரா, அந்த மூதாட்டியின் மொழியும் செக்ரோல் என்னும் தோட்டப் பேர்ப்பதிவேட்டின் சுருக்கக் குறிப்புகளும் தெரிந்தவரா? ஆய்வுக்கு இருவரும் வேண்டும் என்பதே சரியான விடை; ஆனால் இன்றைய தெரிவுமுறை முன்னவரை மட்டுமே காணக்கூடியது. ஒரு பிரதேசத்தின் அறிவு அப்பிரதேசத்து மாணவர் வழியாகவே பல்கலைக்கழகத்தினுள் புகுந்தது என்பதற்கு ஈழத்துத் தமிழ்ப் புலமை வரலாறே சான்று. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மரபுக் கூத்துக்குப் புத்துயிர் கொடுத்தபோது, மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவரான சி. மௌனகுரு அதில் முதன்மை நடிகராக விளங்கினார்; பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே தமது கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். களரியில் கண்டது நூலகத்தில் அறிவாக மாறுவதற்கு, களரியை அறிந்த ஒருவர் நூலகத்தினுள் நீண்டகாலம் இருக்க வேண்டியிருந்தது. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் ஆடப்படும் காமன் கூத்துக்கும், தேயிலைத் தோட்டத்துப் பாடல்களுக்கும், கங்காணி முறைக்கும், துண்டு என்று வழங்கிய கடன்சீட்டு முறைக்கும் அத்தகையோர் இன்னும் பலர் வேண்டும். ஓராண்டுப் புள்ளிகளால் அவர்களை வெளியே நிறுத்துவதால் இழப்பு அம்மாணவருக்கு மட்டுமானதன்று.

இனி, தோட்டப்புறங்களில் வழங்கும் மறுபாதியை நோக்கலாம். பொதுப் பட்டமே போதும் என்னும் அறிவுரை அறியாமையிலிருந்து பிறந்ததன்று, கணக்கிலிருந்து பிறந்தது. 2024இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசிலின் மாதத் தொகை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது; உயர்த்தப்பட்ட அத்தொகையும் அந்தச் சம்பளத்தின்படி ஆறு முழுப்பேருக்குக் குறைவாகவே இருந்தது. அதைக்கொண்டு ஒரு மாதம் உண்டு, உடுத்து, நூல் படியெடுத்து, ஊர் போய்வர வேண்டிய மாணவரின் வீட்டுக்கு நான்காவது ஆண்டு என்பது உண்மையிலேயே பாரம். மூன்றாண்டில் பட்டமும் அதையடுத்து ஆசிரியர் நியமனமும் என்பது பல குடும்பங்களை லயத்து வறுமையிலிருந்து மீட்ட வழி. 1990களின் தொடக்கத்தில் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் அதற்கு முன்பின்னான ஆசிரியர் நியமனங்களும் மலையகத்தின் முகத்தையே மாற்றின. ஆசிரியத் தொழிலை அச்சமூகம் உயர்வாகக் கருதுவதில் எந்தக் குறையும் இல்லை. மூன்று பாடங்களை ஒழுங்காகக் கற்ற பொதுப் பட்டதாரி, பாடசாலைக்கு மிகவும் பயன்படக்கூடியவர் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு குடும்பத்துக்குச் சரியான கணக்கு ஒரு சமூகத்துக்குச் சரியான கணக்காகிவிடாது. பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்வதற்குச் சிறப்புப் பட்டமும், அதில் முதலாம் அல்லது இரண்டாம் வகுப்புச் சித்தியும் வேண்டும். முதலாம் வகுப்பு என்பது பொதுவாக நான்குக்கு 3.70 என்னும் தரப்புள்ளிச் சராசரியில் தொடங்குகின்றது. பொதுப் பட்டதாரி ஆய்வுப் பட்டமொன்றுக்குச் செல்ல விரும்பினால், வழமையாக இடையில் ஒரு டிப்ளோமாவையோ தகைமைப் பரீட்சையையோ கடக்க வேண்டும். குடும்பப் பொறுப்பும் வேலையும் வந்துவிட்ட பின்னர் அதைக் கடப்போர் சிலரே. ஆகவே இருபதாவது வயதில் வழங்கப்படும் பொதுப் பட்டமே போதும் என்னும் அறிவுரை, நாற்பதாவது வயதில் விரிவுரையாளராகவும் ஆய்வாளராகவும் கொள்கை வகுப்பவராகவும் ஒருவர் இருக்கக்கூடிய வாய்ப்பையும் சேர்த்தே வெட்டிவிடுகின்றது. மலையகத்திலிருந்து வந்த பேராசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருப்பது ஏன் என்று மேடைதோறும் வருந்துவோர், அதற்கான தெரிவு பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டிலேயே நடந்துமுடிந்துவிடுகின்றது என்பதைக் காண வேண்டும்.

இவ்விரு பாதிகளும் ஒன்றையொன்று எவ்வாறு ஊட்டி வளர்க்கின்றன என்பது இப்போது தெளிவாகும். சிறப்புப் பட்டம் பெற்ற மலையகத்தவர் குறைவாக இருப்பதால் துறைகளில் மலையக விரிவுரையாளர் குறைவு. அவர்கள் குறைவாக இருப்பதால் முதலாம் ஆண்டு மாணவரின் தடுமாற்றத்தை இனங்கண்டு கைகொடுப்போர் குறைவு. கைகொடுப்போர் இல்லாததால் புள்ளிகள் குறைகின்றன. புள்ளிகள் குறைவதால் சிறப்புக்குத் தெரிவாவோர் குறைவு. இந்த வட்டத்தைச் சுற்றிவந்து, பார்த்தீர்களா, அவர்களால் முடியவில்லை என்று முடிவு கூறுவது விளைவையே காரணமாகக் காட்டும் பழைய தந்திரம். குடியுரிமை மறுக்கப்பட்ட காலத்தில், இவர்கள் இந்நாட்டிற் பற்றில்லாதவர்கள் என்று சொன்னவர்களும் இதையேதான் செய்தார்கள்.

மாற்று வழி எட்டாத உயரத்தில் இல்லை. தெரிவை இரண்டாம் ஆண்டின் முடிவுக்குத் தள்ளிவைப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. பீடச் சபையின் ஒரு தீர்மானம் போதும். பொதுப் பட்டத்தினுள்ளும் ஒரு சிறு ஆய்வுக் கட்டுரையைக் கட்டாயமாக்கினால், கேள்வி கேட்கும் பயிற்சி சிலரின் தனியுடைமையாக இராது. முதலிரண்டு ஆண்டுகளிலும் துறைசார்ந்த ஆங்கில வாசிப்பைத் தமிழ் விளக்கத்துடன் கற்பிக்கும் வகுப்புகள் நடைபெற்றால், மூன்றாம் ஆண்டில் மொழி தடையாக நிற்காது. தெரிவின் அளவுகோல்களும் இடங்களின் எண்ணிக்கையும் முதலாம் ஆண்டின் முதல் வாரத்திலேயே தமிழில் எழுத்து மூலம் அறிவிக்கப்படுமானால், மூத்த மாணவரின் வாய்மொழிக் கதைகளை நம்பி விண்ணப்பிக்காமலே விடுவோர் குறைவர். நான்காவது ஆண்டின் செலவுக்கு மட்டும் உதவும் ஒரு நிதியைத் தோட்டப்புறத்துப் பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாடு சென்றோரும் கோயில் அறநிலையங்களும் சேர்ந்து அமைக்க முடியும். திருவிழாவின் ஓர் இரவு மின்விளக்கு அலங்காரச் செலவு, ஒரு மாணவரின் சில மாதச் சாப்பாட்டுச் செலவைத் தாங்கக்கூடியது.

2023இல் மலையகத் தமிழர் தம் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையில் மீண்டும் ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. அம்முன்னோர் எத்தனை பேர், எந்த ஊர்களிலிருந்து வந்தனர், வழியில் எத்தனை பேர் மடிந்தனர் என்னும் கேள்விகளுக்கான விடைகள் ஆவணக் காப்பகங்களிலும் தோட்டக் காரியாலயங்களின் அலுமாரிகளிலும் முதியோரின் நினைவிலும் சிதறிக்கிடக்கின்றன. தோட்டங்கள் கைமாறுந்தோறும் பதிவேடுகள் அழிகின்றன. முதியோர் ஆண்டுதோறும் மறைகின்றனர். அவற்றைத் திரட்டிப் படித்து எழுதும் பயிற்சி நான்காவது ஆண்டில்தான் தொடங்குகின்றது.

ஆகவே மஸ்கெலியாவின் தாய் தந்தையரும் உயர்தர வகுப்பு ஆசிரியர்களும், பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையிடம் சீக்கிரம் முடித்துக்கொண்டு வா என்று சொல்வதற்கு முன், சிறப்புக்கு விண்ணப்பித்தாயா என்று ஒருமுறை கேட்க வேண்டும். துறைத்தலைவர்களும் பீடாதிபதிகளும், தெரிவுப் பட்டியலில் கையெழுத்திடுவதற்கு முன், இந்த எடை எந்த மலையில் பறித்தது என்று ஒருமுறை கேட்க வேண்டும். முழுநாளும் உழைத்தவருக்கு அரைப்பேர் போடுவது தோட்டத்தில் அநியாயம் என்றால், பல்கலைக்கழகத்திலும் அது அநியாயமே.